நான்கு பட்டன்

செவ்வாய்க்கிழமை, இரவு பத்தரை.

ஒரகடம் கம்பெனியிலிருந்து பஸ்ஸில் நின்றே வந்த கால் இன்னும் வலிக்கிறது. தூக்கம்தான் வரவில்லை.

என் வீட்டுக்காரருக்கு இந்த மாதம் முழுக்க நைட் ஷிப்ட், எனக்குப் பகல். பழைய வீடியோ கேம் பெட்டியில் ஒரே ஆட்டத்தை மாறி மாறி ஆடுகிறோம். காலையில் அவர் விட்ட இடத்திலிருந்து ராத்திரி நான் தொடர்வேன். சேமித்து வைக்கும் கார்டு கெட்டுவிட்டதால் பெட்டியை அணைப்பதே இல்லை. நல்லவேளை, பத்து நாளாகக் கரண்ட்டும் போகவில்லை.

இன்று ஆட்டம் பாதியில் அப்படியே நின்றுவிட்டது. "மாட்டிக்கினா ஆஃப் பண்ணாத, இந்த நாலு பட்டனையும் ஒண்ணா அழுத்து" என்று அவர் எப்போதோ காட்டியிருந்தார். அழுத்தினேன். கம்பெனியில் லைன் நின்றால் ரீசெட் அழுத்துவோம், விட்ட இடத்திலிருந்தே ஓடும். அதே நினைப்பு. பெட்டி அணையவில்லை, ஆனால் ஆட்டம் முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டது. பத்து நாள் ஆடியதெல்லாம் போச்சு.

டீ பிரேக்கில் போன் செய்தார். "இன்னாடி, ஆட்டத்துல நம்மாளு எங்க நிக்கிறான்?"

நடந்ததைச் சொன்னேன்.

"வுடு. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வூட்லதான இருப்போம்? மொதல்லேர்ந்து சேந்தே ஆடலாம்."

மனுஷன் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "சரி" என்றேன்.

சூப்பர்வைசர் கேட்டார் என்று ஞாயிறு ஓவர்டைம் வேலைக்கு வர மத்தியானமே தலையாட்டிவிட்டு வந்திருக்கிறேன். அதை மட்டும் சொல்லவில்லை.