பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள், மச்சான்

என் வம்புக்கெல்லாம் காது கொடுத்த மச்சான் ஏகாம்பரத்துக்கு,

நீ போய் மூன்று வருஷமாகிறது. வடக்குப்பட்டில் எல்லோரும் சௌக்கியம், உன் பெண்டாட்டியைத் தவிர. என் தங்கை கன்னியம்மாவுக்கு இப்போது உனக்கு வந்த அதே இருமல். உனக்கு எரிச்சலாக இருக்குமோ என்னவோ, எனக்கு இருக்கிறது.

போன திங்கட்கிழமை படப்பையில் பஸ் மாறி, உன்னைக் கூட்டிப்போன அதே பெரிய ஆஸ்பத்திரிக்கு அவளையும் கூட்டிப்போனேன். அதே எக்ஸ்ரே அறை வாசல், அதே பெஞ்சு. எங்களுக்கு முன்னால் உள்ளே போன கிழவர் சட்டையை மாட்டிக்கொண்டே நர்சம்மாவைக் கும்பிட்டார். "அம்மா, முதுகுப் பக்கமும் ஒரு தபா வச்சு வுட்டுடும்மா. நல்லா சொகமா கீது."

"இது வைத்தியம் இல்ல பெரியவரே. உள்ள இன்னா கீதுன்னு பார்க்கிற படம். படத்தைப் பார்த்தப்புறந்தான் மருந்தே" என்றாள் அந்த அம்மா.

அது வைத்தியமில்லை என்றே எனக்கு இப்போதுதான் தெரியும். மச்சான், ஞாபகமிருக்கிறதா? அன்றைக்கு அந்த இருட்டு அறையிலிருந்து வெளியே வந்து, "மார்ல கட்டிக்கினு இருந்தது எளகிடுச்சுடா" என்றாய். பத்து நாள் கழித்து வா என்றார்கள். தேவைப்பட்டால் இரண்டாம் தரம் வைப்பார்களாக்கும், நமக்குத்தான் குணமாகிவிட்டதே என்று நாம் போகவேயில்லை. ஒரே கரண்டில் இருமலை ஓட்டிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் தண்டோரா போட்டவன் நான்.

அந்த நர்சம்மா சொன்னது மூன்றே வாக்கியம். 'மூச்சை அடக்கு' என்று அதட்டின நேரத்தில் அதையும் சொல்லியிருக்கக் கூடாதா? அவர்களைச் சொல்லி என்ன. அன்றைக்குக் காத்திருந்த நேரத்தில், வாசல்காரனுக்கு இரண்டு சம்சாரம், இளையவள் கோபித்துக்கொண்டு தாய்வீடு போய்விட்டாள் என்பது வரை விசாரித்து முடித்தேன். பத்து நாள் கழித்து எதற்கு வர வேண்டும் என்று கேட்க மட்டும் இந்த வாய்க்கு வரவில்லை.

இப்போது கூத்தைக் கேள். கன்னியம்மா வெளியே வந்ததும், "எளப்பு கொறஞ்சிடுச்சுண்ணா" என்கிறாள். இவளையும் பத்து நாள் கழித்து, வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அவளோ வேர்க்கடலைக்குக் களை எடுக்கப் போகிறாளாம்.

"அது வெறும் படம்மா. கல்யாணத்துல போட்டோ புடிக்கிறாங்களே, புடிச்சதும் புள்ள பொறந்துடுமா?"

"நீதானே சொன்னே, ஒரே கரண்ட்டுல போச்சுன்னு?"

"சொன்னேன். அவன் செத்துட்டானே."

"அது பனங்கெழங்கு தின்னதால திருப்பிக்கிச்சு. அதையும் நீதான் சொன்னே."

சொன்னேன், மச்சான். உன் பதினாறாம் நாள் பந்தியில் உட்கார்ந்து, கூடவே இருந்து பார்த்தவன் மாதிரி சொன்னேன். நான் கட்டின கதைகளில் இதைத்தானா உன் பெண்டாட்டி நம்பித் தொலைக்க வேண்டும்? நாலு நாளாகத் தொண்டை வறளச் சொல்லிப் பார்க்கிறேன். ஊருக்கே கதை விட்டவன் உண்மையைச் சொன்னால் யார் கேட்கிறார்கள்?

நேற்று தோற்றுப்போய் எழுந்தேன். பின்னாலிருந்து கேட்டாள். "படந்தான்னா, அப்போ அவரு படமும் அங்க கீதா?"

உங்கள் வீட்டில் உன் முகம் பதிந்த போட்டோ ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இருக்கும். ஆனா மூஞ்சி தெரியாதும்மா. நெஞ்சுக்கூடுதான்."

"இருக்கட்டும். வியாழக்கெழமை எத்தினி மணிக்கு பஸ்ஸு?"

அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. வாசல்காரனிடம் நான் வாய் கொடுக்கக் கூடாது.

கொடுக்க மாட்டேன். என்ன வியாதி, எதற்கு மருந்து, எத்தனை மாசம், இருமல் நின்றுவிட்டால் நிறுத்தலாமா என்று கேட்டு, அவளுக்குப் புரிகிறவரை அந்தப் பெஞ்சை விட்டு எழுந்திருக்க மாட்டேன். அப்புறம் உன் படத்தைக் கேட்பேன். பத்து நாள் கழித்து வரச் சொன்னீர்கள், கொஞ்சம் தாமதமாகிவிட்டது என்பேன்.

கன்னியம்மாவின் அண்ணன்,
வாயால் கெட்ட உன் மச்சான் முனுசாமி