விரிசலுக்குள் சந்தனம்

ஆடி 20, வியாழன்.

பள்ளிக்கூட லேப்டாப்பின் மூலை பிளந்துவிட்டதால் வேலூர் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனேன்.

"கீழ போட்டுட்டீங்க மேடம். தயாரிப்புக் கோளாறா இருந்தாதான் கம்பெனி ஃப்ரீயா மாத்தும்" என்றார் மெக்கானிக். போடவே இல்லை என்று நான் சொன்னது எடுபடவில்லை. மூடியைக் கழற்றியவர், "உள்ள இன்னாங்க, மஞ்சளா?" என்றார்.

காய்ந்த சந்தனம். போன ஆயுத பூஜைக்கு நான் வைத்த பொட்டு. பெட்டியிலிருந்து லேப்டாப்பை முதன்முதலாக எடுத்ததே அந்தப் பூஜைக்குத்தான். அதைச் சொல்லி, பெட்டியோடு எடுத்த அன்றைய படத்தைப் போனில் காட்டினேன்.

"ஈரமா இருக்கும்போதே உள்ள எறங்கியிருக்கு. அப்போ வரும்போதே விரிசல்தான்" என்று இலவச மாற்றத்துக்கு எழுதிக்கொண்டார்.

இதோடு பள்ளிக்கூடத்துக்கு வந்த மற்ற இரண்டு லேப்டாப்புக்கும் அதே மூலையில்தான் பொட்டு வைத்தேன். அழியக்கூடாதென்று இதுவரை துடைத்ததே இல்லை. நாளைக்குத் துடைத்துப் பார்க்க வேண்டும்.