சூடு காட்டிய கமான் பட்டை

என் பிரியமான மாமாவுக்கு,

நேற்று நம் வேனின் பாரத்தைத் தாங்கும் முன்பக்கக் கமான் பட்டை இரண்டையும் மாற்றிவிட்டேன். உலகச் சண்டை முடிந்து சேலத்தில் புதுப் பட்டை கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. அக்காதான் வாங்கிவரச் சொன்னாள். நீங்கள் போனதிலிருந்து வண்டி வீட்டுக்குப் பின்னால்தான் கிடந்தது.

ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் கருங்கல் அடுக்கினேன். துருப்பிடித்த போல்ட்டுகள் அசையவே இல்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவிட்டு, மல்லாந்து படுத்துக் கிடந்தேன். நேர் மேலே நீங்கள் உட்காரும் இடத்தின் பலகை. அங்கேயே கிடந்து அழுதேன். அழுவதற்கு எனக்கென்ன யோக்கியதை இருக்கிறது?

அக்கா மோர் கொண்டுவந்தாள். "அவரு வேகந்தான் அவரக் கொண்டுபோயிருச்சு. கண்ணு மண்ணு தெரியாம ஓட்டிட்டாரு. நீயாச்சும் நெதானமா ஓட்டு தம்பி" என்றாள். இதையேதான் எல்லாரிடமும் சொல்கிறாள். ஊரும் ஆமாம் போடுகிறது.

நீங்களா வேகமாக ஓட்டினீர்கள்? பொம்மிடி ரோட்டில் புளி மூட்டை ஏற்றிப் போகும்போது மாட்டு வண்டிக்கு ஒதுங்கி நின்று வழிவிட்ட ஆள் நீங்கள். "நடந்தே போயிருக்கலாங்க மாமா" என்று நான் கிண்டல் செய்வேன். "புளி என்ன, ஆறிப்போற சோறா மாப்ள?" என்பீர்கள்.

சண்டைக் காலத்தில் புதுப் பட்டைக்கு எங்கே போவது? எல்லாம் பட்டாளத்துக்குப் போயிற்று. அரூரில் ஓடாமல் கிடந்த லாரியிலிருந்து பழைய பட்டைகளைக் கழற்றிவந்தோம். வளைவு நம் வண்டிக்குப் பொருந்தவில்லை. "பச்சையாவே அடிச்சு வளைச்சுக்கலாம் மாப்ள. நாளானா ஆவட்டும். சூடு மட்டும் காட்டிராத, இரும்பு கெட்டுரும்" என்று சொல்லிவிட்டு நீங்கள் சரக்கு விஷயமாக ரயில் ஸ்டேஷனுக்குப் போய் மூன்று நாள் தங்கிவிட்டீர்கள்.

இரண்டு நாள் சம்மட்டியால் அடித்தேன். கை கொப்பளித்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் பெரிய பட்டையைக் கொல்லர் உலையில் சிவக்கக் காய்ச்சி, வளைத்து, தண்ணீரில் முக்கினேன். "இப்படியே மாட்டிராதீங்க, ஒடிஞ்சிரும். திரும்ப எளஞ்சூடு காட்டிப் பதம் எறக்கணுங்க" என்றார் கொல்லர். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நிறம் மாறியது தெரியாமலிருக்கக் கிரீஸை அப்பி மாட்டிவிட்டேன்.

நீங்கள் வந்து குனிந்து பார்த்தீர்கள். "சூடு காட்டுனயா?"

"இல்லீங்க மாமா."

அவ்வளவுதான். பட்டையைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் மாமா என்னை அப்படி நம்பினீர்கள்?

மாட்டிய ஆறாம் நாள், இறக்கத்தில் ஒரு சின்னப் பள்ளம். அதற்கே பட்டை ஒடிந்து வண்டி ஓடைக்குள் கவிழ்ந்தது. சேதி கேட்டு ஓடிவந்தேன். பட்டை கண்ணாடி போல் உடைந்து கிடந்தது. ஊரே உங்களைத் தூக்க முயன்றுகொண்டிருந்தது. நான் கை கொடுக்கவில்லை. ஒடிந்த துண்டைத் தேடி எடுத்து வேட்டிக்குள் மறைத்தேன்.

அது இன்னும் என் பெட்டியில் துணிகளுக்கு அடியில் இருக்கிறது. உங்களைக் கொன்றேன். கொன்றது போதாதென்று, செத்த உங்கள்மேல் பழி விழுவதையும் வாயைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். சோறு இறங்கவில்லை. சாகவும் துணிச்சல் இல்லை.

வண்டி கிளம்பினால் முதலில் நீங்கள் விழுந்த இடத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லியிருக்கிறாள் அக்கா. நாளைக் காலை போகிறோம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அங்கே அந்தத் துண்டை அவள் கையில் கொடுத்துவிட்டு, இந்தக் கடிதத்தை நானே வாசிப்பேன். பிறகு ஊர்க் கூட்டத்திலும் வாசிப்பேன். அதன்பின் அவள் என்னைத் தம்பி என்று கூப்பிட மாட்டாள். அவளை விட்டால் எனக்கு யாருமில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

திரும்பி வரும்போது வண்டியில் என் பக்கத்தில் உட்காராமல் அவள் நடந்தே வரலாம். அப்படி வந்தால், அவளுக்குப் பின்னால் வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு வீடுவரை வருவேன் மாமா. நீங்கள் ஓட்டியதைப் போலவே.

நீங்கள் நம்பிய மாப்ள,
சின்னசாமி