மேற்கு ஜி, இரண்டு டிக்கெட்

அன்பு மகள் ரேலினுக்கு அப்பா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அம்மாவும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், மாடுகளும் அப்படியே, கிழட்டு நாய் மட்டும் பின்னங்காலை இழுத்துக்கொண்டு திரிகிறது. நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்கு இழுத்து மூடிக்கொண்டு தூங்கி, உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேச மேட்டு வேலி வரைக்கும் ஏற வேண்டும், அங்கே அடிக்கிற காற்றில் பாதிப் பேச்சு போய்விடும், மீதிப் பாதியை நீ அழுதே கரைத்துவிடுவாய். அதனால் சமையலறை மேஜையில் உட்கார்ந்து நிதானமாக எழுதுகிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள், எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது.

சங்கதியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிக்கெட் கிடைக்கவில்லை. கிடைத்துவிட்டது என்று போன வாரம் வேலி ஓரத்தில் நின்று கத்தினேனே, நீயும் அந்தப் பக்கம் கத்தினாயே, அது தப்பு. எப்படித் தப்பாகப் போனது என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

உங்கள் கல்லூரி பேண்டு புட்பால் அணியோடு வருஷத்துக்கு ஒரே ஒரு வெளியூர் ஆட்டத்துக்குத்தான் கூடப் போகும், இந்த வருஷம் அது நம் வீட்டிலிருந்து மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிற அந்தப் பெரிய மைதானத்துக்கு என்று நீ சொன்ன அன்றைக்கு உன் அம்மா தக்காளி ஊறுகாய் போட்டுக்கொண்டிருந்தாள். அத்தனையும் அடுப்பிலேயே கருகிப் போனது, அவள் கண்டுகொள்ளவில்லை. நான் கேட்டேன், பிள்ளை கிறிஸ்துமஸுக்குத்தான் வரப்போகிறாளே, அதற்கு ஏன் இப்படி என்று. அதற்கு அவள், வர்றது எம்பொண்ணு, அந்தக் கொம்பு வருமா, அந்தத் தொப்பி வருமா, நடக்கிறத நான் எப்பப் பாக்குறது என்றாள். நியாயம்தான். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் புட்பால் அணி கட்டவே பையன்கள் தேறவில்லை, அதனால் நீ பேண்டில் ஊதினதெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்துதான். உடம்பைச் சுற்றி மலைப்பாம்பு மாதிரி அந்தப் பித்தளைக் கொம்பை மாட்டிக்கொண்டு நீ வரிசையில் நடந்து நாங்கள் ஒரு தடவை கூடப் பார்த்தது இல்லை. உன் கல்லூரியோ மலைகளுக்கு அந்தப் பக்கம், ரெண்டு நாள் ஓட்ட வேண்டும், மாடுகளை யாரிடம் விட்டுவிட்டு வருவது. இது உனக்குக் கடைசி வருஷம். படிப்பு முடிந்தால் கொம்பைக் கல்லூரிக்காரர்கள் வாங்கி வைத்துக்கொள்வார்கள், பிறகு நீ எங்கே நடக்கப்போகிறாய், நாங்கள் எங்கே பார்க்கப்போகிறோம்.

டிவியில் பார்த்துக்கொள்ளலாம் என்று உன் மாமா டூயேன் சொல்கிறான். அவனுக்கு என்ன தெரியும். தலைக்கவசம் போட்டுக்கொண்டு முட்டி விழுகிற பையன்களின் அப்பா அம்மாவுக்கு டிவி போதும், அவன் தும்மினால் கூடக் காட்டுகிறார்கள். இடைவேளை வந்து உங்கள் பேண்டு உள்ளே நடக்க ஆரம்பித்தால் உடனே நாலு ஆம்பளைகள் மேஜை போட்டு உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுகிறார்கள், அப்புறம் பிக்கப் வண்டி விளம்பரம். மூன்று வருஷமாக அந்த நாலு பேரையும் பார்த்துப் பார்த்து அவர்கள் எப்போது முடி வெட்டிக்கொண்டார்கள் என்று கூட உன் அம்மாவுக்குத் தெரியும். போன வருஷம் பந்து எகிறிப் போய் உங்கள் வரிசையில் விழுந்தபோது ஒரு தொப்பி இறகு தெரிந்தது. அது நீதான் என்று அவள் சொல்கிறாள். நான் மறுத்துப் பேசவில்லை.

சரி, டிக்கெட்டுக்கு வருகிறேன். முதலில் அந்த மைதானத்து ஆபீஸுக்கே போன் போட்டேன். ஒரு அம்மா எடுத்தாள், நல்ல குரல். அய்யோ கண்ணு, அன்னிக்கு எங்க பழைய பசங்க எல்லாரும் திரும்பி வர்ற நாளாச்சே, ஜூலையிலயே எல்லாம் போயாச்சு என்றாள். பேச்சு வளர்ந்து பார்த்தால் அவள் ஆடு வளர்க்கிறவள், ஒரு கிடாய்க்குக் குளம்பு அழுகல், நான் மருந்து சொன்னேன், ரொம்ப நேரம் பேசினோம், வைக்கும்போது அழாத குறையாக மன்னிப்புக் கேட்டாள். டிக்கெட் மட்டும் இல்லை. அடுத்து உங்கள் கல்லூரிக்குப் போட்டேன். அங்கே ஒரு பையன், எங்களுக்கு விட்ட கொஞ்ச எடத்த கல்லூரிக்கு வாரி வழங்குறவங்களுக்குத்தான் சார் மொதல்ல குடுப்போம், அப்புறம் ஆடுற பசங்க வீட்டுக்கு, பேண்டு பசங்க வீட்டுக்குன்னு தனியா ஒண்ணும் கெடையாது என்றான். எம்பொண்ணு அந்தக் கொம்ப மூணு வருஷமா தோள்ல தூக்கிச் சுமக்கிறாளே தம்பி, அது வாரி வழங்குறதுல சேராதா என்று கேட்டேன். அவன் பாவம், நல்லா இருங்க சார் என்று சொல்லி வைத்துவிட்டான்.

அப்புறம்தான் டூயேன் உள்ளே புகுந்தான். அவன் போனில் வாங்காத பொருள் கிடையாது, உனக்கே தெரியும். அப்படி வாங்கின படகு அடித்தட்டு இல்லாமல் வந்து இறங்கியது, அதில் இப்போது அவனுடைய கோழிகள் முட்டையிடுகின்றன, நல்ல முட்டை என்பதையும் சொல்லிவிட வேண்டும். தீவனக் கடையில்தான் போன் நன்றாக எடுக்கும் என்பதால் சாயங்காலம் அங்கே போய் நிற்போம். வாங்கி வைத்தவர்கள் விற்கிற டிக்கெட் எல்லாம் அதில் வரும். ஒரு டிக்கெட்டுக்கு அவர்கள் கேட்கிற விலைக்கு ஒரு கன்றுக்குட்டி வாங்கலாம். ஏரியே வெடித்துக் கிடக்கிற வருஷம், விற்கிற மாதிரி இருந்த கன்றுகள் எல்லாம் வைக்கோலுக்குப் போய்விட்டன. தினமும் பார்க்கப் பார்க்க விலை ஏறிக்கொண்டே போனது. டூயேன் சொன்னான், மச்சான், நீ ஆசையா பாக்குறது அந்த போனுக்குத் தெரியுது, அதான் ஏத்துறான், மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கோ. நானும் நம்பி, மாடு நக்குகிற உப்புக்கட்டி அடுக்கியிருக்கிற பக்கம் திரும்பிக்கொண்டு எனக்கு ஒன்றும் வேண்டாம் என்கிற மாதிரி நின்றேன். கடைக்காரன் வந்து, ஹோபர்ட், உப்புக்கட்டி வாங்குறியா இல்ல அதுங்கிட்ட பாவமன்னிப்புக் கேக்குறியா என்று கேட்டான்.

அப்படித் திரும்பி நின்ற ஒரு நாள்தான் டூயேன் ஊளையிட்டான். மச்சான், அடிச்சோம்டா, நாய்த் தீவன மூட்டை வெலைக்கு ரெண்டு இருக்கு. நானும் எட்டிப் பார்த்தேன். ஆட்டத்தின் பெயர் சரி, தேதி சரி, மேற்கு, ஜி என்று போட்டிருந்தது, ஜி என்றால் உட்காருகிற வரிசை என்று நான் எடுத்துக்கொண்டேன். பக்கத்தில் ஒரு கார் படம் இருந்தது. அதையும் பார்த்தேன், பார்க்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். ஆனால் புட்பால் என்றால் எங்கே பார்த்தாலும் வண்டி விளம்பரம்தானே, டிவியில் இடைவேளை பூராவும் வண்டிதானே, அது மாதிரி இதிலும் போட்டிருக்கிறான் என்று நினைத்துவிட்டேன். ஆளுக்கு ஒன்று என்று ரெண்டு வாங்கினோம். கடையில் இருந்தவர்கள் எல்லாம் என் முதுகில் தட்டினார்கள், கடைக்காரன் எனக்கு ஒரு சோடா சும்மா கொடுத்தான், அவன் சும்மா கொடுத்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

உன் அம்மா அன்றைக்கே மாட்டுக்கொட்டகைக்குப் போட்டுக்கொண்டு போகிற தன் குளிர்கோட்டை எடுத்து உங்கள் கல்லூரிக் கலரான கத்தரிப்பூ நிறத்தில் சாயம் தோய்த்தாள். அது அடிபட்ட காயம் மாதிரி ஒரு கலராக வந்தது, சாயம் இன்னும் துணி துவைக்கிற மிஷினை விட்டுப் போகவில்லை, என் உள்பனியன் எல்லாம் இப்போது உங்கள் கல்லூரிக் கட்சி. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாஸ்டர் பலிபீடத்துக்கு முன்னாலேயே அறிவித்தார், ஹோபர்ட்டும் வெல்டாவும் மகளைப் பார்க்கப் போகிறார்கள் என்று. எல்லாரும் கை தட்டினார்கள். பிறகு கீழ்க்கூடத்தில் எல்லாரும் கொண்டுவந்த சாப்பாட்டைப் பகிர்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம், உன் அம்மா அவளுடைய பீன்ஸையும் சோள ரொட்டியையும் பரிமாறிக்கொண்டிருந்தாள். பாஸ்டர் மனைவி இமோஜீனிடம் டூயேன் போனிலிருந்து டிக்கெட்டைத் தாளில் எடுத்துத் தரச் சொல்லியிருந்தோம், அவள் ஆபீஸ் அறையிலிருந்து தாளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தாள். அவள் மெதுவாக நடக்கிறவள் இல்லை. என் காதோரம் வந்து, ஹோபர்ட், இதுல காரு படம் போட்டிருக்கேப்பா என்றாள். விளம்பரம்மா என்றேன். இல்லப்பா, இது ஆளு உள்ள போறதுக்கு இல்ல, வண்டி நிறுத்துறதுக்கு என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அந்தக் கூடத்தில் கரண்டி சத்தம் எல்லாம் நின்றுபோனது.

உன் அம்மா கையில் சோள ரொட்டித் தட்டோடு நின்றாள். டூயேன், திருப்பிக் குடுத்துரலாம் அக்கா, நான் எழுதிப் போடுறேன் என்றான். எழுதிப் போட்டான். திருப்பி வாங்கிக்கொள்ள மாட்டார்களாம்.  வீட்டுக்கு வந்து வண்டியை விட்டு இறங்கும்போது உன் அம்மா, ஒரு வண்டிக்கு எதுக்கு ரெண்டு எடம், இன்னொண்ணுல என்னத்த நிறுத்துவ, டூயேனோட படகையா என்று கேட்டாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. கோட்டைக் கொண்டுபோய்க் கொட்டகை ஆணியில் மாட்டிவிட்டாள். சமையல் செய்யும்போது ஏதாவது முனகிப் பாடுவாளே, அதுவும் நின்றுவிட்டது. 

அதற்கப்புறமும் சும்மா இருக்கவில்லை. ஆட்டம் ஆரம்பித்த பிறகு வாசலில் நின்றால் மீந்த டிக்கெட்டை யாராவது மலிவாகக் கொடுப்பார்கள் என்று பழைய ஆட்கள் சொன்னார்கள். மறுபடி ஆட்டுக்கார அம்மாவுக்குப் போன் போட்டேன். அதெல்லாம் அந்தக் காலம் கண்ணு, இப்ப எல்லாம் போனுக்குள்ளயே இருக்கு, கையில குடுத்து வாங்குறதுக்கு ஒண்ணுமே இல்ல என்றாள். கிடாய் தேறிவிட்டதாம். பஸ்ஸிலிருந்து இறங்கும்போதாவது உன்னைப் பார்க்கலாமா என்றால், போலீஸ் முன்னால் போக பஸ் நேரே உள்ளே போய்விடும், முடிந்ததும் அப்படியே ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அப்புறம் எனக்கு வழி ஒன்றும் தோன்றவில்லை. நான் வழி தெரியாமல் உட்காருகிற ஆள் இல்லை என்று உனக்குத் தெரியும், ஆனால் உட்கார்ந்துவிட்டேன்.

நேற்று பாத்திரம் கழுவிக்கொண்டே உன் அம்மா கேட்டாள், அந்த மேற்கு ஜிங்கிறது மைதானத்துச் சுவத்துக்குப் பக்கமா, தூரமா என்று. ஆட்டுக்கார அம்மாவிடம் கேட்டதில் பக்கம்தானாம், சுவர் ஓரமே என்றேன். கொஞ்ச நேரம் தட்டையே தேய்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, சத்தத்துக்கு டிக்கெட் கேக்க மாட்டாங்கல்ல என்றாள்.

அதனால் வருகிறோம் மகளே. பார்க்க இல்லை. பிக்கப்பைச் சுவர் ஓரம் நிறுத்தி, பின்னால் நாற்காலி ரெண்டு போட்டு, பிஸ்கட்டும் உப்புப் பன்றிக்கறியும் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அவ்வளவு பெரிய கூட்டத்தின் இரைச்சலில் என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியாது, ஒன்றும் கேட்காமலே திரும்புவோம் என்றுதான் என் மனசு சொல்கிறது, அதை அவளிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே. இருபது கொம்பு சேர்ந்து ஊதினாலும் உன் கொம்பு எது என்று தனக்குத் தெரியும் என்கிறாள். எனக்குத் தெரியாது. எனக்கு எல்லாம் ஒரே உறுமல்தான். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன், நீ ஊதினால் அதில் தெரிந்துவிடும்.

கர்த்தர் உன் காலடியைக் காப்பாராக, நடக்கையில் தடுக்கி விழாமல் இருப்பாயாக. கம்பளிக் காலுறை ரெண்டு ஜோடி போட்டுக்கொள். மாமாவிடம் கோபப்படாதே, அவன் நாலு நாளாக வீட்டுப் பக்கம் வராமல் முட்டையை மட்டும் வேலியில் வைத்துவிட்டுப் போகிறான். ஒன்று மட்டும் மறந்துவிடாதே. உங்கள் பேண்டு வாத்தியார் திட்டாத அளவுக்கு, ஒரே ஒரு தடவை, கொம்பின் வாயை மேற்குப் பக்கம் திருப்பி ஊது.

உன் அம்மா வெல்டாவின் முத்தங்களோடு,
உன் அப்பா,
ஹோபர்ட்