கசப்புத் தண்ணீர்

அன்புள்ள உங்களுக்கு,

நேரில் பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதுகிறேன். நீங்கள் பெயர் கொடுத்துச் சேர்ந்த கஷாய ஆய்வு முடிந்து, யாருக்கு நிஜ மருந்து, யாருக்குப் போலி மருந்து என்று மூடி வைத்திருந்த பட்டியலை எங்கள் ஆய்வகத்தில் இன்று பிரித்தோம். ஆறு மாதமாக நீங்கள் குடித்தது வெறும் கசப்புத் தண்ணீர். கஷாயம் கொடுத்த உங்கள் வைத்தியரம்மாவுக்கே அது தெரியாது.

ஆனாலும் உங்கள் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஒன்பதிலிருந்து ஏழுக்கு இறங்கியிருக்கிறது. இயந்திரத்தில் கோளாறாக இருக்கக் கூடாதா என்ற நப்பாசையில் மூன்று முறை சோதித்தேன். ஏழுதான்.

ஞாயிறுதோறும் அந்த வைத்தியரம்மா அரை மணி நேரம் நாடி பிடிப்பாராம். "நல்லா தூங்குனீங்களா? மனசுல என்ன ஓடுது?" என்று கேட்பாராம். "அந்தம்மா கை பட்டாலே பாதி சரியாயிடுது" என்று நீங்கள் வந்து சொன்னபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப அங்கேயே இருந்துக்கோங்க" என்றேன்.

கல்யாணமான இந்தப் பதினெட்டு வருடத்தில் நான் உங்கள் கையைப் பிடித்ததெல்லாம் ரத்தம் எடுக்க ஊசி குத்தத்தான்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே போக வேண்டாம். கையை என்னிடம் நீட்டுங்கள். எனக்கு நாடி பார்க்கத் தெரியாது. சும்மா பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் ரத்தத்தை மட்டுமே தெரிந்துவைத்திருப்பவள்