கல்வாழை மூலை

ஜூலை 6, 2025
"தெனமும் நாலு வரி எழுதுங்க அய்யா" என்று முதியோர் எழுத்தறிவு வகுப்பு ஷீபா டீச்சர் சொல்லிவிட்டார். எழுபத்து மூன்று வயதில் வீட்டுப்பாடம். கொல்லையில் கல்வாழை என் தலைக்கு மேல் போய்விட்டது. இலை செப்புப் பானை நிறம். ஆறு வருடம் முன்பு புதுக்கோட்டையில் ஏதோ சர்க்கார் ஆபீஸ் வாசல் குப்பையில் பொறுக்கிய கிழங்கு. அரசாங்கம் எனக்குச் செய்த ஒரே உதவி.

ஜூலை 9
செடி முன்னால் பலகை நட்டேன்: பெரியகருப்பன். எட்டு எழுத்தும் நானே எழுதியது. ஒரு மணி நேரம். பக்கத்து வீட்டு நாகராசு வேலியோரம் நின்று வாசித்தான். "பேரு போட்டாச்சு. தார் எப்ப தள்ளும் மாமா?" கல்வாழை தார் தள்ளாது என்று தெரிந்தே கேட்கிறான். படித்தவன்.

ஜூலை 15
மகன் மஸ்கட்டிலிருந்து பேசினான். கொல்லை முழுக்க சிமெண்டுத் தளம் போட வேண்டுமாம். மருமகள் சுகுணாவின் யோசனை. "பாம்பு அடையும் மாமா" என்கிறாள். ஆறு வருடமாக வராத பாம்பு, சிமெண்டு மூட்டை வருவது கேட்டுக் கிளம்பிவிட்டதாம்.

ஜூலை 20
கொத்தனார் பீட்டர் வந்து அளந்தார். டேப் என் செடியைத் தாண்டிப் போனது. வெள்ளிக்கிழமை வேலை. என்னை யாரும் கேட்கவில்லை. போடட்டுமே — எனக்கென்ன? சோறுதான் எறங்கல.

ஜூலை 24, ஆடி அமாவாசை
என் வீட்டுக்காரி செவந்தி போய் மூன்று வருடம். படையல் தயார், வாழை இலை இல்லை. கடைத்தெருவில் தீர்ந்துவிட்டது. சுகுணா கல்வாழை இலை ஒன்றை அறுத்து வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. மாமியாருக்கு அதில் படைத்து ஓட்டின் மேல் வைத்தாள். காகம் எடுத்தால்தான் எங்களுக்குச் சோறு. மணி ஒன்று. இரண்டு.
"செவப்பு எலை. பயப்படுது மாமா."
"ஒங்க அத்தை எதுக்குப் பயந்தா?"
அப்போது ஒன்று வந்து உட்கார்ந்தது. வடையை விட்டுவிட்டுக் கத்தரிக்காயைக் கொத்தியது. செவந்திக்கு உயிர் அதுதான். சுகுணா அழுதுவிட்டாள்.

ஜூலை 25
தளம் போட்டாயிற்று, என் மூலையை மட்டும் விட்டு. சுகுணா பீட்டரிடம் சொன்னது கேட்டது: "அங்கிட்டு மிதிக்காதீங்க. அது எங்க அத்தை எலை."
கிழங்கு பொறுக்கியவன் நான். தண்ணீர் ஊற்றியவன் நான். ஒருநாள் வந்து கத்தரிக்காய் தின்றவளுக்குத் தோட்டம்.
பலகையைப் பிடுங்கித் திருப்பினேன். செவந்தி. நான்கே எழுத்து. முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.