வேன் பெடலும் எலுமிச்சம்பழமும்

கீர்த்தனா அப்பாவுக்கு,

ரொட்டியும் கட்டச்சம்பலும் மூடி வைத்திருக்கிறேன். ஸ்பேனர் பெட்டிச் சாவி சாமிப் படத்துக்குப் பின்னால். கீர்த்தனாவோடு பண்டாரவளை போய் அக்காவைப் பார்த்துவிட்டுச் சாயந்திரம் வந்துவிடுவேன்.

நேற்று பிரேக் பற்றிய பேச்சில் கோபப்பட்டுப் பாதியில் எழுந்து போய்விட்டேன். கேள்வி மட்டும் மனதை விட்டுப் போகவில்லை. நம் சின்னக் காருக்குள் பெரிய என்ஜினை இறக்க இடம் போதாமல், மிதியை லேசாக்குகிற பிரேக் பூஸ்டரைக் கழற்றிவிட்டீர்கள். "பழைய பெடலே போதும், மிதிச்சா நிக்குது" என்கிறீர்கள். நிற்கும், உங்கள் பூட்ஸ் காலுக்கு. தினமும் லுணுகலை ஸ்கூலுக்கு அந்த வளைவுகளில் ஓட்டப்போவது செருப்புக் காலோடு நான்.

காலையில் எடை பார்க்கும் மெஷினைச் சுவரில் சாய்த்து, நாற்காலியில் உட்கார்ந்து உதைத்துப் பார்த்தேன். முள் பாதிகூடப் போகவில்லை, என் கால் பலம் அவ்வளவுதான். கதவைப் பிணைச்சல் பக்கம் தள்ளினால் அசையாது, கைப்பிடிப் பக்கம் தள்ளினால் விரலே போதும். பெடலும் அப்படித்தானே? அதனால் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர் காமிலிடம் நீளமான வேன் பெடல் கேட்டிருக்கிறேன். கொண்டுவருவார், டீ கொடுங்க. நீளமானது லேசாக மிதிபடும், ஆனால் ஆழமாக இறங்குமே! பிரேக் பிடிக்கும் முன்பே தரையில் முட்டிவிடுமா? எனக்கு அதைப் பார்த்தே ஆக வேண்டும்.

பூசைக்கு வாங்கிய எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்காதீங்க. வாசலில், காருக்கு முன்னால் தள்ளி வைங்க. நான் ஓட்டிவந்து பிரேக்கை மிதிக்கிறேன். பழம் நசுங்காமல் நின்றால் கார் ரோட்டுக்குப் போகட்டும்.

விமலராணி

ஓரத்தில் எழுதுகிறேன், இடமில்லை: பழைய பெடலைத் தேடாதீங்க. காலையிலேயே கழற்றிவிட்டேன், அது என் ஹேண்ட்பேக்கில் பண்டாரவளைக்கு வருகிறது.